நாய்க்குட்டி வருமுன் பொழுதைப் பங்கிடுங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நாள் முழுவதும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தினர், ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருமுன் என்னென்ன ஆயத்தங்களைச் செய்துகொள்ள வேண்டும் என்று பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவர் அல்லேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். என் கணவர் தொழிற்சாலையில் முறைவேலை பார்க்கிறவர். எங்கள் வீடு அந்நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறது. வார இறுதிகளில் எங்கள் பகுதியில் நடைபெறும் நாய்களுக்கான தடுப்பூசி முகாம்களில் பதிவேடு எழுதிக் கொடுக்கிறேன். அங்கே வரிசையில் நிற்கும் நம் மக்களிடம் கேட்டறிந்தவற்றோடு, என் வீட்டில் நான் செய்த ஒரு பெரும் பிழையையும் சேர்த்தே இன்று பேச வந்திருக்கிறேன்.

11 ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலையில் ராஜா என்று பெயரிட்ட குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கிண்ணம், மெத்தை, கழுத்துப்பட்டை, பொம்மை என்று வாங்கக்கூடியவை அனைத்தையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால், ஆயத்தம் முடிந்துவிட்டது என்றே நம்பியிருந்தோம். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, பின்முற்றத்தில் தண்ணீரையும் உணவையும் வைத்துவிட்டு இருவரும் வேலைக்குப் போனோம். திரும்பி வந்தபோது மாலை ஐந்தரை மணி. அந்த 11 மணி நேரமும் எட்டு வார வயதுள்ள ஓர் உயிர் அங்கே தனியாக என்ன செய்யும் என்ற கேள்வி எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள், சுவருக்கு அப்பால் குடியிருக்கும் அக்கா வந்து, உங்கள் குட்டி நண்பகல் வரை அழுதுகொண்டே இருக்கிறது அம்மா என்று தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பத்து நாள் கழியுமுன்னே ராஜா நோயுற்று இறந்துபோயிற்று. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அன்று நாங்கள் வீட்டை மட்டுமே ஆயத்தம் செய்திருந்தோம். பொழுதை ஆயத்தம் செய்யவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு நாய்க்குட்டி வளர்ப்பில் இருக்கும் உண்மையான கடினம் பணத்திலோ இடத்திலோ இல்லை, காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து மணிக்கணக்கை எழுதுங்கள். குட்டி எத்தனை மாத வயதோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனையோ, ஏறத்தாழ அத்தனை மணி நேரம்தான் பகலில் அதனால் சிறுநீரை அடக்கிக்கொள்ள முடியும் என்பது நாய் வளர்ப்பவர்களிடையே வழங்கும் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம் என்பதுகூட மேல் எல்லைதான். விளையாடி முடித்தவுடனும், உண்டவுடனும், தூங்கி விழித்தவுடனும் அதற்கு முன்பே வெளியே போக வேண்டியிருக்கும். நான்கு மாதம் ஆகும் வரை நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை உணவு கொடுக்க வேண்டும். ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கும் மேலாக அது தூங்கும் என்பது நமக்குச் சாதகமான செய்தி. ஆனால் விழித்திருக்கும் சிறு சிறு பொழுதுகளில் ஒருவர் அருகில் இருந்தால்தான், எங்கே சிறுநீர் கழிக்கலாம், எதைக் கடிக்கலாம், எதைக் கடிக்கக் கூடாது என்று அது கற்றுக்கொள்ளும். இக்கணக்கின்படி, நீங்கள் ஏழு மணிக்குப் புறப்பட்டால், பத்து மணியளவில் ஒருவரும், ஒரு மணியளவில் ஒருவரும், பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்தபின் அவர்களில் ஒருவரும் குட்டியிடம் வந்தாக வேண்டும்.

நம் பெற்றோர் காலத்தில் இக்கேள்வி எழவில்லை. ஒரே கூரையின் கீழ் ஆயா இருந்தார், பெரியம்மா இருந்தார், வேலைக்குப் போகாத ஒருவர் எப்போதும் சமையலறையில் இருந்தார். இன்று பல வீடுகளில் பகலில் கதவைத் திறக்கவே ஆள் இல்லை. ஆனால் தெருவில் ஆள் இல்லாமற்போகவில்லை. ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர், இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் செவிலியர் ஒருவர், நம் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் அத்தை என்று தேடினால் கிடைப்பார்கள். அவர்களிடம் போகிற போக்கில், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடாமல், எந்த மணிக்கு வருவது, எவ்வளவு உணவு வைப்பது, சாவி எங்கே இருக்கும், அவரால் வரமுடியாத நாளில் யார் வருவது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். குட்டி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். யாரும் இசையவில்லை என்றால், குட்டியைக் கொண்டுவரும் நாளைத் தள்ளிவைப்பதே சரி.

வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியிடம் இப்பொறுப்பைக் கேட்காமலே சுமத்துகிறவர்களும் நம்மிடையே உண்டு; இது எனக்கு மிகவும் வருத்தமளிப்பது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் காவல்துறை நாய்களை ஏவிவிட்ட நினைவுகள் இந்நாட்டில் பல குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. அந்த அச்சம் ஒருவருக்கு இருந்தால் அது மதிக்கப்பட வேண்டிய அச்சம். அவர் மனமுவந்து இசைந்தால் மட்டுமே கேளுங்கள். அதைக் கூடுதல் வேலையாகக் கருதிக் கூடுதல் ஊதியமும் கொடுங்கள்.

சாட்ஸ்வர்த்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1960களில், நிறவெறி அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பெயரால், இந்திய வம்சாவளியினரான நம்மவர்களை இடம்பெயர்த்துக் குடியேற்றிய வீடுகளில் பெரும்பாலானவை ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள். குட்டி இந்தப் பக்கம் அழுதால் அந்தப் பக்கம் கைக்குழந்தை விழித்துக்கொள்ளும். ஆகவே குட்டி வரும் செய்தியை அண்டை வீட்டாரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லி, நாங்கள் இல்லாத நேரத்தில் அது அழுதால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு உண்மையைச் சொன்னவர் அந்த அக்கா ஒருவர்தான். அடுக்குமாடியிலோ, பல வீடுகள் ஒரே மதிலுக்குள் அமைந்த வளாகத்திலோ குடியிருப்பவர்கள், நிர்வாகக் குழுவின் எழுத்துமூல அனுமதியை முதலில் பெற்றுக்கொள்ள வேண்டும். தகுந்த காரணமின்றி அவர்கள் அதை மறுக்கக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது.

அடுத்தது விடுப்பு. அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் நமக்கு ஆண்டுக்கு 21 தொடர் நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பைத் தருகிறது. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 15 வேலைநாள் ஆகும். அதில் ஒரு வாரத்தையேனும், கணவனும் மனைவியும் ஒருவர் பின் ஒருவராக எடுத்தால் இரண்டு வாரத்தையும், குட்டிக்காக ஒதுக்குங்கள். ஆனால் அந்த விடுப்பை எப்படிச் செலவிடுகிறோம் என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். இரண்டு வாரமும் குட்டியை மடியிலேயே வைத்திருந்துவிட்டு, மூன்றாம் வாரத் திங்களன்று திடீரென்று மறைந்துபோனால், தாயைப் பிரிந்து வந்த குட்டிக்கு அது இரண்டாவது பிரிவாக ஆகிவிடுகிறது. விடுப்பின் இரண்டாம் நாளிலிருந்தே பிரிவைப் பழக்கத் தொடங்க வேண்டும். குட்டி உண்டு, வெளியே போய்வந்து, களைத்துப் படுக்கும் நேரம் பார்த்து, அடுத்த அறைக்கு ஐந்து நிமிடம் போய் வாருங்கள். பிறகு வாசலுக்கு, பிறகு கடைக்குப் போய்வரும் அரைமணி நேரம், முதல் வார முடிவில் ஒரு மணி நேரம் வரை. போகும்போது கொஞ்சி விடைபெற வேண்டாம். வரும்போது ஆரவாரமும் வேண்டாம். சாவி குலுங்கும் ஓசையும், காலணி அணிவதும், பையை எடுப்பதும் அச்சத்துக்குரிய அடையாளங்களாக அதன் மனத்தில் பதிந்துவிடாதபடி, எங்கும் போகாத நேரத்திலும் இவற்றைச் செய்து காட்டுங்கள். பத்து மணிக்கு வரப்போகும் தாத்தாவோ அத்தையோ, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அதே மணிக்கு வந்து, தம் கையால் உணவிட்டுப் பழக வேண்டும். நான் சொல்லும் அனைத்திலும் இதுவே மிக முக்கியமானது.

எந்த மாதத்தில் கொண்டுவருவது என்பதையும் யோசியுங்கள். தீபாவளி வெடியும் ஆங்கிலேயர் வழக்கப்படி நவம்பர் 5ஆம் நாள் கொளுத்தும் கை ஃபாக்ஸ் வெடியும் அடுத்தடுத்து வரும் பருவத்தில், எட்டு ஒன்பது வாரக் குட்டியைப் புது வீட்டுக்குக் கொண்டுவந்தால், அப்போது மனத்தில் விழும் அச்சம் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். தொழிற்சாலைகள் மூடும் டிசம்பர் வசதியாகத் தோன்றும். ஆனால் விருந்தினர் கூட்டமும் புத்தாண்டு வெடியும் அப்போதும் உண்டு. புரட்டாசியில் வீட்டில் புலால் சேர்க்காதவர்கள், குட்டியின் உணவையும் கிண்ணத்தையும் சமையலறைக்கு வெளியே தனி அலமாரியில் வைத்துக்கொண்டால் போதும். நம் விரதத்துக்காகக் குட்டியின் உணவைத் திடீரென்று மாற்ற வேண்டியதில்லை.

இனி இடம். பகலில் குட்டி இருக்க வேண்டிய இடம் முற்றம் அன்று, வீட்டுக்குள் ஒரு சிறு அறையோ, தடுப்புக் கட்டிய ஒரு மூலையோதான். சங்கிலியில் கட்டி வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். டர்பன் வெயிலும் ஈரப்பதமும் ஒருபுறமிருக்க, நம் தோட்டங்களில் ஆபத்து நிறைய இருக்கிறது. பூசைக்கென்று வளர்க்கும் அரளி நஞ்சு. வேப்பிலை கிடைக்காதபோது அம்மன் வழிபாட்டுக்கு நம்மவர்கள் பயன்படுத்திவந்த சிரிங்கா என்ற, வேம்புக்கு உறவான மரத்தின் மஞ்சள் காய்களும் நஞ்சு. கீரைப்பாத்தியில் தூவும் நத்தைக்கொல்லி உருண்டைகள் சிறிதளவே உள்ளே போனாலும் வலிப்பு வந்து உயிர் போகலாம். குட்டிக்கு ஒதுக்கும் இடத்தில், தரையில் மண்டியிட்டு, அதன் கண் உயரத்திலிருந்து நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தொங்கும் மின்கம்பியும், குழந்தையின் காலுறையும், மாத்திரைப் பட்டையும் அப்போதுதான் கண்ணில் படும். சன்னலை மூடிவிட்டுப் போங்கள். உணவு வாசனைக்குக் குரங்குகள் உள்ளே வரும் ஊர் இது.

மிஞ்சிய கறியும் சோறும் போட்டு நாய் வளர்த்த தலைமுறை நம்முடையது. நம் கறியில் சேரும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை, நாம் அறிவோம். வேகவைத்த கோழி எலும்பு, சாக்லேட், திராட்சை, நம் மாகாணத்திலேயே விளையும் மக்கடேமியாக் கொட்டை ஆகியவற்றையும் பகலில் வந்து பார்ப்பவர் அன்பின் மிகுதியால் கொடுத்துவிடாதபடி, ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

இப்போது ராஜாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தடுப்பூசி போட்டாயிற்று என்று விற்றவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பினோம்; மருத்துவர் ஒப்பமிட்ட அட்டையைக் கேட்கவில்லை. எட்டாம் நாள் உண்ண மறுத்தது. மறுநாள் வாந்தியும், இரத்தம் கலந்த கழிச்சலும். நாங்கள் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது சோர்ந்து கிடந்தது. பார்வோ என்றார் மருத்துவர்; குட்டிகளின் குடலைத் தாக்கும் நச்சுயிரி நோய் அது. காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து பார்த்திருந்தால், ஏழெட்டு மணி நேரம் முன்னதாகவே அதை மருத்துவரிடம் சேர்த்திருப்போம். பார்வோவில் அந்த மணி நேரங்கள் உயிருக்கு நிகரானவை. அந்த நச்சுயிரி மண்ணில் ஓராண்டுக்கும் மேல் உயிர்ப்போடு இருக்க வல்லது. ஆகவே முன்பு நாய் நோயுற்று இறந்த வீடாக இருந்தால், புதுக்குட்டியைக் கொண்டுவருமுன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள், மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும் வரை தொடர வேண்டும். அந்த நாட்களையும் விடுப்புக் கணக்கில் இப்போதே குறித்துவையுங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி, இந்நாட்டில் சட்டப்படி கட்டாயம்: மூன்று மாதத்தில் முதல் ஊசி, பின் ஓராண்டுக்குள் இரண்டாவது, அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை. நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் அந்நோய் இன்னும் நம்மைவிட்டு நீங்கவில்லை. அறிகுறி தோன்றிவிட்டால் மனிதருக்கும் அதிலிருந்து மீட்சி இல்லை. தெருவில் கண்டெடுத்த குட்டி விளையாட்டாகக் கடித்தாலும், புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முகாமில் நான் எழுதும் பதிவேட்டில், ஒன்றரை வயதாகியும் முதல் ஊசியே போடாத நாய்கள் வரும்போதெல்லாம் மனம் பதறுகிறது. உண்ணியால் பரவும் பிலியரிக் காய்ச்சலும் நம் ஊரில் எந்த மாதத்திலும் வரலாம். ஈறு வெளுத்து, குட்டி சோர்ந்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ராஜா போய் இரண்டு ஆண்டுகள் கழித்தே இன்னொரு குட்டியை நினைக்கும் துணிவு எனக்கு வந்தது. அதற்கு மருதன் என்று பெயரிட்டோம். இம்முறை மெத்தை வாங்குமுன் அந்த அக்காவிடம்தான் போனேன். காலை பத்து மணி என்னுடையது என்று அவரே சொன்னார். ஒரு மணிக்கு முறைவேலையைப் பொறுத்து என் கணவர் அல்லது எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இரண்டரைக்குப் பள்ளிவிட்டு வரும் என் மகள். விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, அலுவலகத்தில் எண்கள் எதுவும் கண்ணில் பதியவில்லை. பத்தேகால் மணிக்கு அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. உண்டுவிட்டது, வெளியே போய்வந்தது, இப்போது என் கால்மாட்டில் தூங்குகிறது, நான் இன்னும் சற்று நேரம் இங்கேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்றார்.

நன்றி. வணக்கம்.