வேப்பமரத்தடியில் நிற்கிற அப்பாமார்

எல்லாருக்கும் வணக்கம். சனசமூக நிலையத்துக்குள்ளே பாயில் இருக்கிற அம்மாமாருக்கும், வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்றைய பேச்சே உங்களைப் பற்றித்தான் தம்பிமார், உள்ளே வாங்கோ.

போன மாதம் எங்கள் அறக்கட்டளையில் இருந்து இங்கே பிள்ளைகளுக்குக் கொப்பியும் புத்தகப் பையும் கொடுத்தோம். மேசன் வேலைக்குப் போகிற ஒருவர், முழங்கை வரை சீமெந்து காய்ந்திருக்க, மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். பட்டியலில் மனைவியின் பெயர்தான் இருந்தது. “அம்மா வந்து கையெழுத்து வைக்கவேணும்” என்று சொல்லிவிட்டோம். மனுசன் ஒன்றும் பேசவில்லை. போய் மனைவியைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, எல்லாம் முடியும் வரை அந்த மரத்தடியிலேயே நின்றார். அன்றிரவு நான் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். தகப்பன் பெயர் எழுத ஒரு கோடு இருக்கிறது, கையெழுத்து வைக்க இடமே இல்லை. பிழை எங்களுடையது.

2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் உதவி முதலில் அம்மாமாருக்குப் போனது, அது சரிதான். கணவனை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடித் திரிந்தவர்களும் தனியாகப் பிள்ளை வளர்த்த காலம் அது, இன்னும் முடியவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கென்று எழுதிய படிவத்தையே தகப்பன் இருக்கிற வீட்டுக்கும் நீட்டினால், பிள்ளையின் காரியத்தில் உனக்கு வேலையில்லை என்று நாங்களே அவனுக்குச் சொல்வது போல ஆகிவிடுகிறது.

இன்னொன்றை யோசியுங்கள். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் பத்து, பன்னிரண்டு வயதில் தண்ணீர் வரிசையில் நின்ற பொடியன்மார்தான் இன்று எங்கள் கிராமங்களில் அப்பாமார். பல பேருக்குத் தகப்பன் பக்கத்தில் இல்லை. தகப்பன் இருந்தவர்களும், அவர் கூடாரத்துக்குள்ளே செய்ய வேலையில்லாமல் பேச்சற்று இருந்ததைத்தான் கண்டார்கள். பிள்ளையைத் தூக்கிக் கதை சொல்கிற தகப்பனைக் காணாமல் வளர்ந்தவனிடம் “பொறுப்பில்லாதவன்” என்று சொல்லி என்ன பயன்? கசிப்புக் குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனுக்காக நான் பேசவில்லை, அதை ஒருநாளும் மூடி மறைக்கக் கூடாது. பழகாத ஒன்றைப் பழகுவதற்கு ஒரு இடம் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

அந்த இடத்தை ஊர் அறக்கட்டளைகள் கொடுக்கலாம், அதற்குப் பெரிய காசு தேவையில்லை. கூட்டத்தை வேலைநாள் காலையில் வைத்தால் நாள்கூலிக்குப் போகிறவன் எப்படி வருவான்? ஞாயிறு பின்னேரம் வையுங்கள், காலபோக விதைப்பும் அறுவடையும் நடக்கிற கிழமைகளை விட்டுவிடுங்கள். முதல் குழந்தைக்குக் காத்திருக்கிற தகப்பனைக் கிளினிக்குக்கு ஒருநாள் கூட வரச்சொல்லி, அன்றைய கூலியில் பாதியையாவது கொடுங்கள். புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு உதவும்போது, கிழமையில் ஒரு இரவு பக்கத்தில் இருந்து பாடம் கேட்பதாகத் தகப்பனிடம் வாய்ச்சொல் வாங்குங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றாலும் பிள்ளை வாசிக்க அவர் கேட்கலாம்தானே? காசை அவர் கையில் கொடுக்கச் சொல்லவில்லை, அது அம்மாவின் கணக்கிலேயே போகட்டும்.

விட்டுவிட்டுப் போன தகப்பன்மார் விசயம் வேறு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, வசதியிருந்தும் பிள்ளையைப் பார்க்காத பெற்றோர் மீது நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு, அதாவது பிள்ளையைப் பராமரிக்கிற செலவு, கேட்கலாம், திருமணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கும் கேட்கலாம். எங்கள் பெண்கள் போகாமல் விடுவது பஸ் காசுக்கும், தனியாகப் போகிற பயத்துக்கும்தான். அறக்கட்டளை அந்தக் காசைக் கொடுத்து, துணைக்கு ஒரு அக்காவையும் அனுப்பலாம். ஆனால் “சேர்ந்து இரு” என்று அடிவாங்கிய பெண்ணை நெருக்குவது எங்கள் வேலையில்லை.

அப்புறம், “அப்பாவோடு வா” என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடாதீர்கள். அம்மப்பா வரட்டும், மாமா வரட்டும், அண்ணன் வரட்டும். தகப்பன் இல்லாத பிள்ளை ஒருத்தி அந்த வாசலில் தலைகுனிந்தால், நாங்கள் செய்கிற உதவி அத்தனையும் வீண்.

புதுப் படிவம் மேசையில் இருக்கிறது, கையெழுத்துக்கு இரண்டு கோடு போட்டிருக்கிறோம். அந்த மேசன் தம்பியின் வீட்டுக்கு நேற்றுப் போய் மன்னிப்புக் கேட்டேன். வருகிறேன் என்றார். இப்போது மரத்தடியில் அவரைக் காண்கிறேன். தம்பி, மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, முதல் கையெழுத்து நீங்கள் வையுங்கோ.