வாசலில் பைக்கில் காத்திருக்கும் மாப்பிள்ளைக்கு

(மாவட்ட நூலக வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு டாக்டராக இருந்தேன் என்பது மட்டும் நிஜம். இன்றைக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘குழந்தைப்பேறு: தடைகளும் தீர்வுகளும்’. பெரிய தலைப்பு. நான் பெரும்பாலும் ஒரு பைக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பேன். ஒரு பெண் வருவாள், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். கூடவே மாமியார். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதற்குள் மூன்று வருஷத்து ரிப்போர்ட்டுகள். ஸ்கேன் ஏழெட்டு, தைராய்டு, புரோலாக்டின், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே. எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணின் பெயர்தான் இருக்கும். “வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?” என்று கேட்பேன். அவள் மாமியார் முகத்தைப் பார்ப்பாள். “என் பையனுக்கு ஒரு குறையும் இல்லைங்க டாக்டரம்மா” என்பார் மாமியார். பையன் எங்கே என்றால், “வாசல்ல பைக்குல இருக்கானுங்க.”

ஒரு குறையும் இல்லை என்று அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஆள் திடகாத்திரமாக இருக்கிறார், மீசை இருக்கிறது, தாம்பத்தியத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் ஆண்மை வேறு, விந்தணு வேறு. வெளியே வரும் திரவத்தில் விந்தணு மிகச் சிறிய பங்குதான். ஒரே ஒரு அணுகூட இல்லாவிட்டாலும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம், காரணம் முழுதாகவோ பாதியாகவோ ஆணின் பக்கம் இருக்கிறது. நம் பேச்சு வழக்கைப் பாருங்கள். ‘மலடி’ என்ற சொல்லை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? ‘மலடன்’ என்று யாரையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்லச் சொல்லவில்லை. இரண்டுமே வேண்டாத சொற்கள். ஆனால் ஒன்று மட்டும் புழக்கத்தில் இருப்பது தற்செயல் இல்லை.

பெண்ணுக்குச் செய்யும் சோதனைகள் பலவும் வலிக்கும், செலவு வைக்கும். ஆணுக்கு எடுத்தவுடன் செய்வது ஒரே சோதனை, விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை, அன்றைக்கே ரிசல்ட். அப்படியிருக்க, வலிக்கிற சோதனைகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு வலிக்காத சோதனையைக் கடைசிக்குத் தள்ளுவதை நான் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வயசுக்குப் பொருந்தாத கோபம் எனக்கு இதில் வரும்.

அந்த ரிப்போர்ட்டைப் படிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பது கீழ் எல்லை. இதைப் பரீட்சை பாஸ் மார்க் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசையாக நிறுத்தினால், கடைசி ஐந்து சதவீதம் பேர் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறார்கள். அவர்களும் அப்பா ஆனவர்கள்தான். அதனால் கவுன்ட் 1 கோடியே 20 லட்சம் என்று வந்துவிட்டால் வீட்டில் யாரும் துக்கம் விசாரிக்க வேண்டாம். சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.

ஒரு விந்தணு உருவாகி முடிக்க ஏறக்குறைய 74 நாள், வெளியே வரும்வரை சேர்த்தால் சுமாராக மூன்று மாதம். இன்றைக்கு எடுக்கும் டெஸ்ட் மூன்று மாதத்துக்கு முந்தைய கணக்கையும் காட்டுகிறது. டைஃபாய்டோ டெங்குவோ வந்து படுத்திருந்தவருக்கு அடுத்த மாதமே டெஸ்ட் எடுத்தால் கவுன்ட் குறைவாக வரத்தான் செய்யும். அதே மாதிரி, சிகரெட்டை விட்டவர் அடுத்த வாரமே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

சூடு விந்தணுவுக்கு ஆகாது. உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் விதைப்பையை உடம்புக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறது இயற்கை. பாய்லர் பக்கத்திலும் பேக்கரி அடுப்படியிலும் நாள் முழுக்க நிற்கிறவர்கள், மடியில் லேப்டாப் வைத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகை, குடி, வாயில் அடக்கும் புகையிலை பற்றி உங்களுக்கே தெரியும். பலருக்குத் தெரியாதது ஜிம்மில் போட்டுவிடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. அது ஆண் ஹார்மோன்தானே, நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை, ‘போதும்’ என்று விதைகளுக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடும். உற்பத்தி படுத்துவிடும். புஜம் ஏறும், கவுன்ட் பூஜ்யமாகும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

சரி, பூஜ்யம் என்றே வந்துவிட்டால்? அப்போதும் கதை முடியவில்லை. குழாயில் அடைப்பு இருந்தால் விதையிலிருந்து நேரடியாக அணுவை எடுக்கலாம். ஒரே ஒரு அணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் ‘இக்ஸி’ முறையில் குழந்தை பிறந்ததாக பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் அறிவித்தது 1992இல். இன்று நம் ஊர்களிலேயே செய்கிறார்கள்.

இனி நாள் கணக்குக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் தடுப்பு எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள், பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்தில் பாருங்கள் என்பது பொது விதி. இதில் ‘சேர்ந்து வாழ்ந்து’ என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெண் வந்தாள், கல்யாணமாகி இரண்டு வருஷம். ஊரில் எல்லோரும் “விசேஷம் உண்டா?” என்று கேட்டுக் கேட்டு, பாவம், வளைகாப்பு வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். கணவர் துபாயில். கல்யாணம் ஆன ஒரு மாதத்தில் கிளம்பினார், பிறகு ஒரு தடவை முப்பது நாள் லீவில் வந்தார். கணக்குப் போடுங்கள். முப்பது நாளில் ஒரு கருமுட்டைதான் வெளிவரும். ஆக, இரண்டு வருஷத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டே வாய்ப்பு. இளம் வயது, எந்தக் குறையும் இல்லாத ஜோடிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று. அந்தப் பெண்ணுக்கு நோயே இல்லை. அவளுக்கு அதுவரை கொடுத்திருந்த மருந்துச் சீட்டுகளை நீங்கள் பார்க்க வேண்டும்.

அந்த வாய்ப்பு மாதத்தில் எப்போது வருகிறது? கருமுட்டை வெளிவந்தால் அதற்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். அதனால் முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் காலம். முட்டை வந்தபிறகு ஓடுவது பஸ் போனபிறகு ஸ்டாண்டுக்குப் போவது போல. அந்த நாள் எது என்பதை, அடுத்த மாதவிலக்கிலிருந்து ஏறத்தாழ 14 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும். 28 நாள் சுற்று உள்ளவளுக்கு 14ஆம் நாள். 35 நாள் சுற்று உள்ளவளுக்கு 21ஆம் நாள். ‘பத்திலிருந்து பதினாறுக்குள்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பதினாறோடு நிறுத்திக்கொள்ளும் 35 நாள் சுற்று ஜோடிக்கு, முக்கியமான நாட்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. வெள்ளைப்படுவது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, இழுத்தால் நீளுவதாக மாறும் நாட்கள் நல்ல அடையாளம். இந்தக் கணக்கெல்லாம் தலைவலி என்றால், மாதவிலக்கு நின்றதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள். எந்த முட்டையும் தப்பாது. ‘சேமித்து வைக்கிறேன்’ என்று பத்து நாள் விலகியிருப்பது தவறு, அணுக்களின் வேகம் குறையும்.

புதுமணத் தம்பதியை ஆடியில் பிரித்துவைத்த நம் பாட்டிமார் சித்திரை வெயிலில் பிரசவம் வரக்கூடாது என்று பத்து மாதக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இருந்த தேதிப் பிரக்ஞை கையில் போன் வைத்திருக்கும் நமக்கு இல்லை.

இன்னொன்று, மேடையில் சொல்லத் தயங்குகிற விஷயம். மூன்று வருஷம் ஆகியும் உறவே முழுமையாக நடக்காத ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். வலி, பயம், அல்லது ஒற்றை அறை வீட்டில் தட்டிக்கு அந்தப் பக்கம் மாமனார் இருமிக்கொண்டிருக்கிறார். இவர்களுக்கும் ஸ்கேன் எடுத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்கள். யாருமே கேட்கவில்லை. கேட்டால் அழுதுகொண்டே சொல்லிவிடுவார்கள். இதற்கும் சிகிச்சை இருக்கிறது.

பெண்கள் பக்கம் அதிகம் பார்ப்பது நீர்க்கட்டி, பிசிஓடி என்கிறோமே அது. அது உண்மையில் கட்டி இல்லை. வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். ஆபரேஷன் பண்ணி ‘எடுக்க’ வேண்டிய பொருளும் இல்லை. எண்பது கிலோ இருக்கும் பெண் நாலைந்து கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகி, முட்டை தானாக வர ஆரம்பிக்கும். அது போதாதபோது லெட்ரோசோல் மாத்திரை, ஐந்து நாள். வீட்டுக்குப் போய் கூகுளில் தேடி, ‘இது புற்றுநோய் மாத்திரையாமே’ என்று பயந்து குப்பையில் போட்டுவிட்டு வருவார்கள். மார்பகப் புற்றுநோய்க்கும் அந்த மருந்து உண்டு, நிஜம்தான். முட்டை வளரவும் அதுதான் இன்று முதல் தேர்வு.

கருக்குழாய் அடைப்பு வேறு ரகம். நம் நாட்டில் அதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமலே இல்லாமல் குழாயில் போய்க் குடியிருக்கும். முட்டையையும் அணுவையும் உடம்புக்கு வெளியே சேர்க்கும் ‘டெஸ்ட் ட்யூப்’ முறையே, ஐவிஎஃப் என்கிறோமே அது, இந்த அடைப்பைத் தாண்டுவதற்காகத்தான் பிறந்தது. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் பிறந்த முதல் குழந்தை லூயிஸ் பிரவுனின் அம்மாவுக்கு இரண்டு குழாயும் அடைப்பு. சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் நம் நாட்டின் முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தை துர்கா பிறந்தாள். செய்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். அரசுக் குழு அவரை நம்பவில்லை, அவமானப்படுத்தினார்கள். 1981இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வேலையை முடித்துக் காட்டியவரையே ‘பொய்’ என்று அனுப்பிய நாடு நாம். இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனசு வராது.

ஐவிஎஃப் வேண்டியவர்களுக்கு அது வரம். எல்லோருக்கும் வேண்டியதில்லை. இப்போது ஏஎம்ஹெச் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. ‘முட்டை இருப்பு குறைந்துவிட்டது, உடனே ஐவிஎஃப் பண்ணுங்கள்’ என்று பயமுறுத்துவது நடக்கிறது. ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. இயற்கையாகக் கருத்தரிப்பீர்களா மாட்டீர்களா என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்வது அந்தப் பெண்ணின் வயதுதான். மையத்துக்குப் போனால், ‘எத்தனை பேருக்கு டெஸ்ட் பாசிட்டிவ் ஆகிறது’ என்று கேட்காதீர்கள். ‘என் வயதில் எத்தனை பேர் குழந்தையைக் கையில் வாங்கிப் போனார்கள்’ என்று கேளுங்கள். 2021ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்ற மையமா என்று பாருங்கள். ஈரோட்டில் பதினாறு வயதுப் பெண்ணின் கருமுட்டையை விற்றது 2022இல் வெளிவந்ததே, நினைவிருக்கும். சென்னை எழும்பூரில் அரசே செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கியிருக்கிறது. நிலத்தை அடகுவைக்கும் முன் அங்கே ஒரு எட்டுப் போய்க் கேட்டுவிடுங்கள்.

சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு வருகிறேன்.

‘திருக்கருகாவூர் போய் நெய் வாங்கிச் சாப்பிடலாமா?’ தாராளமாக. என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயும் போனவர்கள்தான். ‘அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்’ என்று கேலி பேசும் கூட்டத்தில் நான் இல்லை. தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு வேர்க்கஷாயம் குடிப்பதில்தான் எனக்குச் சண்டை. கூடவே ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம், இப்போதே ஆரம்பியுங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்த நாலு வாரத்திலேயே மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதே அப்போது பலருக்கும் உறைக்காது.

‘தத்து எடுத்தால் சொந்தக் குழந்தை பிறக்குமாமே?’ இல்லை. பக்கத்து வீட்டில் நடந்திருக்கலாம். தத்து வரும் குழந்தையும் சொந்தக் குழந்தைதான். அதை மருந்து மாதிரி வாங்காதீர்கள்.

‘உறவுக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே தலையணை வைக்கணுமா?’ வேண்டாம். தலையணையில் தலையை வைத்துத் தூங்குங்கள்.

கடைசிச் சீட்டு. பெயர் இல்லை. பின்வரிசையிலிருந்து வந்தது என்கிறார்கள். ‘டெஸ்ட் எடுக்க எத்தனை நாள் இடைவெளி வேண்டும்? வீட்டிலிருந்து எடுத்துப் போகலாமா?’

தம்பி, இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி இருக்கட்டும். லேபிலேயே கொடுப்பது நல்லது. கூச்சமாக இருந்தால் வீட்டில் எடுத்துப் போகலாம், அவர்கள் தரும் டப்பாவில்தான். ஆணுறையில் வேண்டாம், அதில் தடவியிருக்கும் மருந்தே அணுவைக் கொன்றுவிடும். ஒரு துளியும் சிந்தாமல், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். பைக் பெட்டியில் வைக்காதீர்கள், வெயிலில் சூடாகிவிடும். இன்றைக்கு ஞாயிறு. புதன்கிழமை காலையில் போகலாம்.