கட்டுச்சோறு தீர்வதற்குள்

நண்பர்களே, நுண்ணோக்கியின் கீழ் ஒரு முட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணித் தட்டைப்புழுவின் முட்டை. மனித உடலிலிருந்து மலத்தோடோ சிறுநீரோடோ வெளியேறியது. உள்ளே இளம்புழு வளர்ந்து தயாராக இருக்கிறது. ஆனாலும் நம் ரத்தத்தின் அளவுக்கு உப்புள்ள கரைசலில் கிடக்கும்வரை அது பொரிக்காது. கரைசலை வடித்துவிட்டு நல்ல தண்ணீரை விடுங்கள். கொஞ்சம் வெளிச்சமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் போதும். உள்ளே இருப்பது துடிக்கத் தொடங்கும், தண்ணீர் புகுந்து முட்டை உப்பும், ஓடு பிளக்கும், உடம்பெல்லாம் மெல்லிய இழைகளோடு மிராசிடியம் என்ற அந்த இளம்புழு நீந்தி வரும்.

அந்த நொடியிலிருந்து அதற்கு அவசரம்தான். அது இரை எடுப்பதே இல்லை. உடம்பில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன்தான் அதன் கட்டுச்சோறு. அது தீர்வதற்குள், ஏறக்குறைய ஒரு நாளுக்குள், தனக்கேற்ற நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்து நத்தைக்குள் நுழைந்துவிட்டால், சில வாரங்களில் அந்த ஒன்றிலிருந்தே ஆயிரக்கணக்கான செர்க்கேரியாக்கள், அதாவது அடுத்த கட்ட இளம்புழுக்கள், கிளம்பும். பிளவுபட்ட வாலுள்ள இவைதான் நம் தோலைத் துளைப்பவை. இவையும் சாப்பிடுவதில்லை, அதிகம் போனால் இரண்டு நாள் ஆயுள்.

சரி, வெயில் ஏறினால் ஆபத்தும் ஏறுமா? ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. வெதுவெதுப்பான நீரில் நத்தை நிறைய செர்க்கேரியாக்களை வெளிவிடும். ஆனால் அதே வெப்பம் அவற்றின் கையிருப்பைச் சீக்கிரம் கரைத்துவிடும். குளிர்ந்த நீரில் கூடுதல் நேரம் உயிரோடு இருக்கும். ஆனால் சுறுசுறுப்பு இருக்காது, தோலைத் துளைப்பதும் கடினம்.

உப்பின் கதைக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றுக்குப் போக வேண்டும். கோடையில் கடல்நீர் அந்த ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறிவரும். பாசனத்துக்காக 1986-இல் முகத்துவாரத்துக்கு அருகில் டியாமா அணையைக் கட்டி அதைத் தடுத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஆண்டு முழுவதும் நன்னீர் நின்றது, நத்தைகள் பெருகின. நத்தைகளைத் தின்னும் ஆற்று இறால்கள் முட்டையிட முகத்துவாரத்துக்குப் போய்வரும் வழியும் அடைபட்டது. 1988-இல் அந்த ஆற்றங்கரையிலுள்ள ரிச்சர்ட் டோல் நகரில், இந்தப் புழுவால் வரும் குடல் சிஸ்டோசோமியாசிஸ் நோய் தலைகாட்டி, மளமளவென்று பரவியது. நீரைப் பற்றித் திட்டம் போடுகிற மேசையில் நத்தையைப் பற்றிப் பேச ஒருவராவது இருந்தே ஆக வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

குளிக்கும் தண்ணீருக்கு இதே ஆயுள் கணக்கு கைகொடுக்கும். மூடிய தொட்டியில் 48 மணி நேரம் விட்டுவைத்தால், அதிலுள்ள செர்க்கேரியாக்கள் கட்டுச்சோறு தீர்ந்து செத்துவிடும். ஆனால் நோய் தொற்றிய ஒரு நத்தை உள்ளே வந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அது நாள்தோறும் புதிதாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் தொட்டிக்குள் நீர் விழும் குழாய் வாயில் நெருக்கமான சல்லடை கட்டுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து, கையைத் தண்ணீருக்குள் விடாமல், டார்ச் அடித்து உட்சுவரைப் பாருங்கள்.