வாழைப்பழத்தில் ஊசி

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்தக் கூடத்தைத் தந்த நலச்சங்கச் செயலாளர் அவர்களே, எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, காசிமேட்டில் வியாபாரத்தை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, நோட்டும் பேனாவுமாக இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

'இன்னுவெண்டோ' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள், சட்டத்தில் அதன் இடம், நம் வடசென்னைப் பிள்ளைகளை அது படுத்தும் பாடு என மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சரி, பொருள். தலையசைத்துக் குறிப்புக் காட்டுவதைச் சொல்லும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. வாத்தியார் பரீட்சைக்குக் கொடுப்பது ஹின்ட். அது நல்லதற்கும் உண்டு. இன்னுவெண்டோவில் பெரும்பாலும் விஷமமோ ஆபாசமோ ஒளிந்திருக்கும். நம் பேட்டையில் ஜாடை பேசுவது என்போம். பெரியவர்கள் இன்னும் அழகாகச் சொன்னார்கள்: வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது.

சட்டம் இதை அன்றே பிடித்துவிட்டது. 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 499-வது பிரிவு. அதில் ஓர் உதாரணம்: "அவர் யோக்கியர், இவருடைய வாட்சை அவர் திருடவே இல்லை" என்கிறான் ஒருவன். திருடினார் என்று ஊர் நம்ப வேண்டும் என்பதே அவன் எண்ணம். விதிவிலக்கு எதிலும் வராவிட்டால், அது அவதூறு! 2024 ஜூலையிலிருந்து, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு இதைப் பார்த்துக்கொள்கிறது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பி.காம். படித்தவள். தென்சென்னையில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போனாள். கணக்கில் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் கேட்டார், "வீடு எங்கம்மா?" "வியாசர்பாடி சார்." "ஓ... வியாசர்பாடியா? அங்கிருந்து வந்தும் இவ்வளவு டீசன்ட்டா பேசுறியே!" சொல்லிக்கொண்டே, மேசை மேல் கிடந்த தன் செல்போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் அதைப் பார்த்தாள், தாய்மார்களே! "நன்றி சார்" என்று எழுந்து வந்துவிட்டாள். அடுத்த விண்ணப்பத்தில் அண்ணா நகர் சித்தி வீட்டு முகவரியை எழுதினாள். வாயில் பாராட்டு, கையில் சந்தேகம். வாழைப்பழத்தில் ஊசி!

1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது நம் வடசென்னை ராயபுரத்திலிருந்து. 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் திரண்டு வந்துதான் மெட்ராஸ் லேபர் யூனியன் எழுந்தது. அந்த மண்ணின் பிள்ளை தன் வீட்டு முகவரியை மறைக்க வேண்டுமா?

அதனால்தான் கேட்கிறோம்: வேலைக்கு ஆள் எடுக்கும் எந்த நிறுவனமும், தேர்வு முடியும்வரை வசிக்கும் பகுதியைக் கேட்கக் கூடாது. தொழிலாளர் துறைக்கு அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு உங்கள் தெருப் பெயரையும் முழுசாக எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.