தேசிக்காய்ப் புளியும் பூட்டிய மேல்மாடியும்

(கொழும்பு வெள்ளவத்தையில் சித்திரை மாத மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அம்மையார் அவர்களே, நோயாளர்களைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வைத்திய கலாநிதி அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட ஆலய தர்மகர்த்தா சபையினரே, எனக்கு மனையியல் கற்பித்த முன்னாள் அதிபர் அவர்களே, விசிறியும் கையுமாகப் பின்வரிசையில் இருக்கும் தாய்மாரே, சகோதரிகளே, இடமில்லாமல் வாசலில் நின்று கேட்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

அதிபர் அம்மா அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் அது நன்றி மறந்த செயலாகிவிடும். கத்தியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்த கை அவருடைய கை. இன்று அவர் என் பேச்சைக் கேட்க வந்திருக்கிறார். இதைவிட என்ன பேறு வேண்டும்?

கோடையில் வீட்டிலேயே சலாது செய்வது பற்றிப் பேசும்படி கேட்டார்கள். பொருத்தமான நேரம்தான். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. நண்பகலில் காலி வீதியில் நடந்தால் நம்முடைய நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறது. இந்த வெக்கையில் அடுப்படியில் நின்று மூன்று கறி காய்ச்ச யாருக்கு மனம் வரும்? ஆகவே மூன்று விடயங்களைச் சொல்ல வந்தேன். எந்தக் காயை, எந்த இலையை எப்படி வெட்டுவது என்பது ஒன்று. அதன்மேல் விடுகிற டிரெசிங் இரண்டாவது. பிள்ளைகளின் பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டி மூன்றாவது.

என் அம்மம்மா அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார்: வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? சலாது என்றதும் நமக்கு ஐஸ்பேர்க் இலையும் ஒலிவ் எண்ணெயும் கடை அடுக்கில் நிற்கும் போத்தலும்தான் நினைவுக்கு வருகின்றன. வல்லாரைச் சம்பல் சலாது இல்லையா? வெங்காயமும் பச்சை மிளகாயும் தயிரும் சேர்ந்த வெள்ளரிக்காய்ப் பச்சடி சலாது இல்லையா? சிங்களச் சகோதரிகள் வீட்டில், கொட்டுக்கொல என்று அவர்கள் சொல்கிற வல்லாரையின் சம்பலும், கீரையும் தேங்காய்ப்பூவும் சேர்ந்த மல்லுங்கும் இல்லாத மதியச் சோறு உண்டா? வெண்ணெய் நம் கையில்தான் இருக்கிறது.

சென்ற சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். ரொறன்ரோவிலிருந்து என் கணவரின் அண்ணன் மகள் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். நல்ல பிள்ளை, உடம்பைப் பேணுகிறவள். வந்த மூன்றாம் நாள், "சித்தி, இந்த வெக்கைக்குச் சோறு இறங்காது, நான் சலாது செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டாள். அவள் தேடியது ஒரு குறிப்பிட்ட டிரெசிங் போத்தல். எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த கடையில் இல்லை. அடுத்த சுப்பர் மார்க்கெட்டிலும் இல்லை. ஓட்டோ பிடித்துப் பம்பலப்பிட்டிக்குப் போனாள், அங்கேயும் இல்லை. கொள்ளுப்பிட்டியில் கிடைத்தது. முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, ஒன்றேகாலுக்கு வீட்டுக்கு வந்தாள். போத்தல் மட்டும் இரண்டாயிரம் ரூபாவுக்கு மேல். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தேன். எது எடையில் கூடவோ அதை முதலில் எழுதுவதுதான் முறை. எண்ணெய், தண்ணீர், மூன்றாவது சீனி! நாம் உப்பும் புளியும் விடுகிற இடத்தில் சீனி.

அதற்குள் என் மாமியார் என்ன செய்தார் தெரியுமா? சாவகச்சேரி மண்ணில் வளர்ந்தவர், வயது எண்பத்தொன்று. ஒழுங்கைக்கு வந்த கீரைக்கார அம்மாவிடம் இரண்டு பிடி வல்லாரை வாங்கினார். அகன்ற சட்டியில் தண்ணீர் நிறைத்து இலையை அமிழ்த்தி, சற்று நேரம் விட்டார். மண் அடியில் படிந்தது. சட்டியைச் சரித்துத் தண்ணீரை ஊற்றவில்லை, இலையை மட்டும் மேலே அள்ளி எடுத்தார். சரித்து ஊற்றினால் அடியில் கிடக்கும் மண் மறுபடியும் இலைமேலேயே வந்து சேரும். இப்படி மூன்று தண்ணீர், கடைசித் தண்ணீர் கொதித்து ஆறியது. நன்றாக உதறிய பிறகு, தண்டோடு சேர்த்து இடது கைப்பிடிக்குள் இறுக்கிச் சுருட்டைப் போல உருட்டிப் பிடித்துக்கொண்டார். கத்தி பலகையில் படுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. பச்சை நூல் போல இலை விழுந்துகொண்டே இருந்தது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அப்போது திருவிய தேங்காய்ப்பூ, உப்பு, மிளகுத்தூள். எல்லோரும் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் தேசிக்காயைப் பிழிந்தார். முன்கூட்டிப் பிழிந்தால் இலை கறுத்துத் துவண்டுவிடும். விரல் நுனியால் கிளறினாரே தவிர, பிசையவில்லை.

ரொறன்ரோப் பிள்ளைகளில் சின்னவன் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தாய் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பம்மா, இதற்கு என்ன டிரெசிங் விட்டீர்கள்?" என்று கேட்டாள். "தேசிக்காய்ப் புளியும் உப்பும்தான் பிள்ளை, வேறு என்ன விடுவது?" என்றார் மாமி. போத்தல் மூடி திறக்கப்படாமலே மேசையில் இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு கொள்ளுப்பிட்டி வரைக்கும் நெய்க்கு அலைந்திருக்கிறோம்!

மாமி செய்ததில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. வைத்திய கலாநிதி அவர்கள் முன்னிலையில் துணிந்து சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்த வேண்டும். இலையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்வதில்லை. தேசிக்காயின் விற்றமின் சி அதற்குக் கைகொடுக்கிறது. கரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அந்த வேலையைத் தேங்காய்ப்பூ பார்த்துக்கொள்கிறது. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் இரும்புச்சத்து சேர்வது தடைப்படும், ஒரு மணி நேரம் பொறுங்கள். நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த அளவை எட்டுகிறோம்?

இனி டிரெசிங். கழுவிக் காய்ந்த ஜாம் போத்தல் ஒன்று போதும். மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி, அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, இரண்டு சிட்டிகை உப்பு, விரும்பினால் சில துளி கித்துள் பாணி. மூடி, இருபது எண்ணும்வரை குலுக்குங்கள். எண்ணெயும் புளியும் தம்பாட்டில் சேர்ந்து நிற்காதவை, கடுகுதான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. தக்காளி, வெள்ளரிக்காய், அவித்து ஆறிய போஞ்சி மூன்றுக்கும் இது பொருந்தும். இன்னொன்று, எருமைத் தயிரில் வறுத்துப் பொடித்த சீரகமும் துருவிய இஞ்சியும் சேர்த்து அடித்தது. கரட்டுக்கும் பீற்றூட்டுக்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. அன்னாசிக்கும் விளாட் மாங்காய்க்கும் உப்பும் மிளகாய்த்தூளும் போதும், அதைக் காலிமுகத்திடலில் விற்கிறவர்களிடம் நாம் படித்துவிட்டோம்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளரிக்காயில் உப்புப் பட்டதும் தண்ணீர் விடத் தொடங்கும், ஆகவே பரிமாறும்போது மட்டும் உப்பு. வெப்பம் 32 பாகையைத் தாண்டிய நாளில் வெட்டிய சலாதை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவே கூடாது.

மாநகர சபை உறுப்பினர் ஐயா அவர்கள் இப்போது உள்ளே வருகிறார். தங்கைமாரே, சற்று வழிவிடுங்கள். ஐயா, இந்த வாசலில் மின்விளக்கு எரிவதற்கு நீங்கள் எடுத்த முயற்சியை இந்த ஒழுங்கை மறக்கவில்லை. தங்கள் வரவு நல்வரவாகட்டும். நல்ல நேரத்தில் வந்தீர்கள், ஏனென்றால் நான் இனிச் சொல்லப்போவது உங்கள் காதில் விழ வேண்டும்.

2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டீசல் இல்லை, லொறி இல்லை, நுவரெலியாவிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் மரக்கறி வருவதே பெரும்பாடாக இருந்தது. வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவுகூடக் கொடுத்தார்கள். தொடர்மாடியில் நான்காம் தட்டில் குடியிருக்கிற நாம் எந்த நிலத்தைக் கொத்துவது? அன்று நான் எங்கள் கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறிப் போனேன். கதவில் ஆமைப்பூட்டு. இன்றைக்கும் அதே பூட்டு. அதற்குப் பின்னால் காலை முதல் மாலை வரை வெயில் வீணாகக் காய்கிறது. அந்த வெயிலுக்குக் கீழே குடியிருந்துகொண்டு, வாடிய பொன்னாங்காணியை விலை கொடுத்து வாங்குகிறோம். வெண்ணெய் நெய் கதை இதற்குப் பொருந்தாதா?

பொன்னாங்காணி இலையைக் கிள்ளிய பிறகு தண்டை எறியாதீர்கள். மண்ணில் ஊன்றினால் ஒரு மாதத்துக்குள் அடுத்த கறிக்கு இலை தரும். புதினாவும் அப்படித்தான். வல்லாரைக்கு ஈரமும் பாதி நிழலும் கிடைத்தால் போதும், ஒரு வேர் கொடியோடிப் பெட்டி முழுக்கப் பரவும். மீன் கடையில் எறிகிற, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியை நன்றாகக் கழுவி, அடியில் துளை போட்டால் அதுவே பாத்தி. கட்டடத்தின் நிர்வாகக் குழுவினர் தண்ணீர் கசியும் என்கிறார்கள். பெட்டியைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்தால் தளம் காய்ந்து கிடக்கும். பாரம் என்கிறார்கள். சுவர் ஓரமாக வையுங்கள். டெங்கு என்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. தட்டுகளில் தேங்குகிற தண்ணீரை வாரந்தோறும் கவிழ்த்து, தட்டைத் தேய்த்துக் கழுவ ஒரு முறைப்பட்டியல் போடுவோம். பிள்ளைகள் ஏறுவார்கள் என்கிறார்கள். காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஐந்திலிருந்து ஆறு, திறப்பு ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும். உறுப்பினர் ஐயா, புதிதாகக் கட்டுகிற தொடர்மாடிகளிலாவது மேல்மாடியில் ஒரு பங்கு குடியிருப்பவர்களின் பயிருக்கு என்று ஒதுக்கச் சபையில் நீங்கள் குரல் கொடுக்க வேண்டும். மன்றாடிக் கேட்கிறேன்.

சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை, அவைத் தலைவர் அம்மையார் மணியை இரண்டு தரம் தட்டிவிட்டார். வெளியே மேசையில், மேல்மாடியைப் பயிருக்குத் திறந்துவிடும்படி கேட்கும் கோரிக்கைத் தாள் இருக்கிறது. உங்கள் பெயரையும் கட்டடத்தின் பெயரையும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். பக்கத்தில் இரண்டு பெரிய பாத்திரத்தில் வல்லாரைச் சம்பல் இருக்கிறது. இலை என் வீட்டு ஜன்னல் தட்டில் வளர்ந்தது. தேசிக்காய் இன்னும் பிழியவில்லை, நீங்கள் எழுந்ததும் பிழிகிறேன்.