ஊஞ்சலுக்கு அடியில் ஒரு குழி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஒரு சிறு நகரின் பூங்காத் துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். "என்ன வேலை?" என்று உறவினர்கள் கேட்டால், "பூங்காவைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பேன். "ஓ, வாட்ச்மேனா?" என்பார்கள். மறுத்துப் பேசத் தோன்றாது. அந்த வேலையும் அதில் உண்டு. கோடைக்கால முகாம், நீச்சல் குளத்துக் காவலர்களின் முறை மாற்றம், முதியோர் நடைப்பயிற்சி, ஊஞ்சல் சங்கிலித் தேய்மானம் என்று எல்லாம் ஒரே ஆளின் தலையில்தான் விழும். சிறு ஊரில் இந்த வேலை தெரிந்த இன்னொருவர் இருக்க மாட்டார். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

அங்கேதான் இந்தத் துறையினருக்கான தேசியச் சங்கம் வருகிறது. அமெரிக்காவில் அதற்குப் பெயர் தேசியப் பொழுதுபோக்கு மற்றும் பூங்காச் சங்கம். இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பாடம் நடத்தி, தேர்வு வைத்து, சான்றிதழ் தருகிறது. விளையாட்டுத் திடல் பாதுகாப்பு ஆய்வாளர் சான்றிதழ் அதில் ஒன்று. மூன்றாண்டுதான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியில் ஒருநாள் என் கையில் ஓர் அளவுக் கட்டையையும் ஒரு வட்டத் தட்டையும் கொடுத்தார்கள். கட்டை சின்னக் குழந்தையின் உடம்பு அளவு. தட்டு, 9 அங்குல விட்டம், பெரிய குழந்தையின் தலைக்கு. கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கட்டை நுழைந்தால் தட்டும் நுழைந்தாக வேண்டும். கட்டை போய், தட்டு போகவில்லை என்றால் ஆபத்து. குழந்தை கால் முதலில் விட்டு இறங்கும், உடம்பு வழுக்கிக்கொண்டு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும், கால் தரையில் எட்டாது. அவ்வளவுதான் விஷயம். கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் திடலில் கட்டையை வைத்துப் பார்த்தேன். சறுக்குமரத்தின் மேல்தட்டில், தடுப்புக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஓர் இடைவெளி. கட்டை போனது. தட்டு போகவில்லை. தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் நான் தேநீர் குடிக்கப் போவேன்.

இந்த அளவுகளைச் சங்கம் கண்டுபிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1981லேயே பொதுத் திடல்களுக்குக் கையேடு போட்டது. ஆனால் கையேடு அலமாரியில் கிடந்தால் கம்பி தானாக நகருமா? அதைப் படித்த ஓர் ஆளை ஒவ்வொரு ஊரிலும் உருவாக்குவதுதான் சங்கத்தின் வேலை.

இந்த எண்ணம் பழையதுதான். 1906இல் வாஷிங்டனில் அமெரிக்க விளையாட்டுத் திடல் சங்கம் தொடங்கியது. லூதர் குலிக் தலைவர். சிகாகோவில் ஏழை மக்களிடையே பணியாற்றிய ஜேன் ஆடம்ஸும் அதில் இருந்தார். திடல் அமைத்தால் போதும், பிள்ளைகள் தாமாக விளையாடிக்கொள்ளும் என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. திடலை நடத்துபவர்களுக்கென்று 1909லேயே ஒரு பாடத்திட்டம் தயாரித்தார்கள். ஊஞ்சலைவிட ஊஞ்சல் பக்கத்தில் நிற்கும் ஆள் முக்கியம் என்பது அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் பெயர் இரண்டு மூன்று முறை மாறி, 1965இல் பூங்கா, பொழுதுபோக்கு, விலங்குக்காட்சிசாலை என்று தனித்தனியாக இயங்கிய சில அமைப்புகள் ஒன்று சேர்ந்து இன்றைய சங்கம் ஆனது.

சங்கத்தின் இன்னொரு வேலை பணத்தைப் பற்றியது. நகராட்சி செலவைக் குறைக்க உட்கார்ந்தால் கத்தரி முதலில் பூங்காவுக்குத்தான் நீளும். அப்போது "எங்களுக்கு ஆள் போதாது" என்று நான் சொன்னால் புலம்பலாகத் தெரியும். நம்மைப் போன்ற மக்கள்தொகை உள்ள ஊர்களில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு செலவாகிறது என்று சங்கம் ஆண்டுதோறும் திரட்டித் தரும் கணக்கை மேசையில் வைத்தால், குறைந்தபட்சம் புரட்டிப் பார்ப்பார்கள். எனக்கு ஒருமுறை பலித்தது, ஒருமுறை பலிக்கவில்லை.

குறையும் உண்டு. உறுப்பினர் கட்டணம், தேர்வுக் கட்டணம், மாநாட்டுக்குப் போகும் செலவு எல்லாம் பெரிய நகரங்களுக்குச் சுலபம். இந்தத் துணை அதிகம் தேவைப்படுகிற, ஒற்றை ஆள் வைத்து ஓட்டும் ஊர்தான் காசுக்குத் திண்டாடும். சங்கங்கள் இதை இன்னும் சரிசெய்ய வேண்டும் என்பது என் கருத்து.

பிள்ளைகள் விழுந்தால் அடி பலமாகப் படாமலிருக்க ஊஞ்சலுக்கு அடியில் போடும் மரச்சீவலைப் பற்றிச் சொல்லவில்லையே. குறைந்தது 9 அங்குல ஆழம் இருக்க வேண்டும். நாளாக ஆக அமுங்கும் என்பதால் 12 அங்குலம் போட்டுத்தான் தொடங்குவோம். ஆனால் பிள்ளைகள் காலைத் தேய்த்துத்தானே ஊஞ்சலை நிறுத்துவார்கள்? பிள்ளைகள் விழக்கூடிய அதே இடத்தில் சீவல் விலகிக் குழியாகிவிடும். மழை பெய்தால் தண்ணீரும் தேங்கும். பயிற்சிக்குப் போவதற்கு முன் அந்தக் குழியை நான் அழுக்காகத்தான் பார்த்தேன். போய்வந்த பிறகு, காலையில் அலுவலகக் கதவைத் திறப்பதற்கு முன்பே வாரியை எடுத்துக்கொண்டு அங்கேதான் போவேன்.

நன்றி, வணக்கம்.