தண்ணீர்மலையில் எதிரே வரும் கிளையண்ட்

(மலேசியாவின் பினாங்கில் மனநல ஆலோசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஆலோசகருக்கும் ஆலோசனை பெற வரும் கிளையண்டுக்கும் நடுவே எல்லை என்றதும் பலருக்குக் காதல் விவகாரம்தான் நினைவுக்கு வருகிறது. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை, கூடாது. ஆலோசனை முடிந்த பிறகும்கூட அமெரிக்க உளவியல் சங்கம் குறைந்தது 2 ஆண்டும், அமெரிக்க ஆலோசகர் சங்கம் 5 ஆண்டும் தடை வைத்திருக்கின்றன. கிளையண்டின் கோப்பை மூடிவிட்டாலும் அவருடைய பலவீனம் நமக்குத் தெரியும், நம்முடையது அவருக்குத் தெரியாது. காரணம் அதுதான்.

நம்மூர்ச் சிக்கல் பெரும்பாலும் நல்ல மனசிலிருந்து வருகிறது. இங்கே தமிழர் வட்டம் சிறியது. பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவர் உங்கள் சித்தி மகளோடு ஒரே ஃபேக்டரியில் வேலை பார்க்கலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் குடும்பத்தோடு எதிரே வருவார். நீங்கள் நின்று நலம் விசாரித்தால், "யார் இவங்க?" என்று அவர் மாமியார் கேட்பார். பார்க்காத மாதிரி போனால், நம்மைக் கண்டால் இவருக்குக் கேவலமாக இருக்கிறது என்று நினைத்து அடுத்த வாரம் வரமாட்டார். ஆகவே முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "வெளியே பார்த்தால் நானாகப் பேசமாட்டேன். நீங்கள் வணக்கம் சொன்னால் நானும் சொல்வேன். இங்கே பேசியதை அங்கே எடுக்கமாட்டேன்."

நேரம், கட்டணம், ரத்து செய்யும் முறை, உயிருக்கு ஆபத்து போன்ற எந்த நிலைகளில் ரகசியம் காக்க முடியாது என்பது, இவையும் அன்றே. வாயால் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்குங்கள். தாளை மட்டும் நீட்டினால் யாரும் படிப்பதில்லை.

"அக்கா" என்று கூப்பிடுவதைத் தடுக்காதீர்கள். பெயர் சொல்லச் சொன்னால் நம் ஆட்களுக்கு நாக்கு எழும்பாது. ஆனால் அக்கா என்றால் கல்யாணத்துக்கு வரவேண்டும், வீட்டுக்காரரிடம் பேசிப் புத்தி சொல்லவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வரும். அது தலைகாட்டும்போது மழுப்பாமல் பேசுங்கள்.

1993இல் கத்தீல் (Gutheil), கேப்பார்ட் (Gabbard) என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள், கெடுதல் இல்லாத எல்லை தாண்டலையும் கிளையண்டுக்குக் கெடுதல் செய்யும் எல்லை மீறலையும் பிரித்துக் காட்டினார்கள். அழுதபடி எழுந்தவர் தடுமாறுகிறார், கையைப் பிடிக்கிறீர்கள்: தாண்டல்தான், கெடுதல் இல்லை. நடந்ததை அடுத்த அமர்வில் அவரோடு பேச முடிகிறதா, கோப்பில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுதக் கை கூசினால் அது வேறு சங்கதி.

தீபாவளிக்கு முறுக்கு டின் வரும். வாங்கிக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடட்டும், கோப்பில் ஒரு வரி எழுதுங்கள். அங்பாவ் (பண உறை), தங்கம், கைத்தொலைபேசி வேண்டாம். பொருளின் விலையைவிட அது வந்த நேரத்தைக் கவனியுங்கள். போன வாரம் நீங்கள் கடுமையாக ஒன்றைக் கேட்டிருந்து இந்த வாரம் பரிசு வந்தால், "இனிமேல் அதைக் கேட்காதே" என்பதும் டின்னுக்குள் இருக்கலாம்.

50 நிமிட அமர்வில் 48ஆவது நிமிடம் ஒருவர் மிகப் பெரிய விஷயத்தைச் சொல்வார். உயிராபத்து இல்லையென்றால் நேரத்தை நீட்டாதீர்கள். நீட்டினால் முக்கியமானதைக் கடைசியில் சொல்லும் பழக்கம் நிலைத்துவிடும். "இதை அடுத்த வாரம் முதல் விஷயமாக எடுப்போம்" என்று சொல்லி, மறக்காமல் எடுங்கள்.

வாட்ஸ்அப்தான் இப்போது பெரிய ஓட்டை. வேலைக்குத் தனி எண் வையுங்கள், அது நேரம் குறிக்க மட்டும். இரவு ஒரு மணிக்கு இரண்டு முறை பதில் போட்டுவிட்டு மூன்றாம் முறை தூங்கிவிட்டால், அவருக்கு அது கைவிடலாகப் படும். எழுத்தை மட்டும் பார்த்து ஆபத்தை எடை போடவும் முடியாது. தானியங்கிப் பதிலில் அவசர எண் 999, அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 இரண்டையும் போட்டுவையுங்கள்.

மலேசியாவின் 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி பதிவும் தொழில் சான்றிதழும் இருந்தால்தான் இந்தத் தொழில் செய்யலாம், உங்களுக்குத் தெரியும். ஆனால் நம்மூரில் ஆலோசகராக இருப்பவரே கோயில் கமிட்டியில் செயலாளராகவும் இருப்பார். கமிட்டித் தலைவரின் மகன் ஆலோசனைக்கு வந்தால் வேறொருவரிடம் அனுப்பவேண்டும். தமிழ் பேசும் ஆலோசகர் வேறு யாரும் கிடைக்காவிட்டால், மேற்பார்வையாளரிடம் முதலில் பேசி, யாருக்கு என்ன தெரியவரும் என்பதை மகனிடம் விளக்கி, அவர் சம்மதித்தால் மட்டும் தொடங்குங்கள். அவர் அப்பாவைப் பற்றிய தீர்மானம் எதிலும் கமிட்டியில் வாக்களிக்காதீர்கள். ஏன் என்று கேட்டால், "சொந்தக் காரணம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.